இலக்கணம் இரவல்; குரல் சொந்தம்

இலக்கணம் கைவராத ஒருவர் இறையியல் நூல் இயற்ற முடியுமா? இசையை முறையாகப் பயிலாத ஒருவர் எழுபதுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு மெட்டமைக்க முடியுமா? நாற்பது வயதுவரை மடத்துச் சுவர்களுக்குள் அடங்கி வாழ்ந்த ஒரு பெண், பேரரசரையும் பேராயர்களையும் கண்டித்துக் கடிதம் எழுத முடியுமா? முடியும் என்பதற்கு, 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ரைன் நதிக்கரையில் வாழ்ந்த ஒரு கத்தோலிக்கத் துறவியின் வாழ்க்கை சான்றாக நிற்கிறது. அவர் பெயர் ஹில்டகார்டு. அவர் நிறுவிய மடம் பிங்கன் என்னும் ஊரையொட்டி அமைந்திருந்ததால், வரலாறு அவரைப் பிங்கன் ஹில்டகார்டு என்று அழைக்கிறது.

பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்தபோதுதான் இப்பெயரை முதன்முதலாக அறிந்தேன். நான் கிறிஸ்துவ சமயத்தைச் சார்ந்தவள் அல்லள். துறவு வாழ்க்கையின்மீது எனக்குப் பெரிய ஈர்ப்பும் இருந்ததில்லை. ஆயினும், தேர்வு முடிந்து பாடக்குறிப்புகளைக் கட்டி வைத்த பின்பும் இப்பெண்மணி என் நினைவைவிட்டு அகலவில்லை. அதற்கான காரணத்தை அவருடைய வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டே விளக்க முயல்கிறேன்.

சுவருக்குள் ஒரு சிறுமி

ஹில்டகார்டு 1098ஆம் ஆண்டு, ரைன் பகுதியைச் சேர்ந்த உயர்குடிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் பத்தாவது பிள்ளை என்பது வழிவழியாக வரும் செய்தி. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுப்பது அக்கால வழக்கம். அவ்வழக்கத்தையொட்டியே பத்தாவது பிள்ளையும் இறைவனுக்குக் காணிக்கையாக்கப்பட்டாள் என்பர். எட்டு வயதில் யூட்டா என்னும் இளம்பெண்ணின் பொறுப்பில் அவர் ஒப்படைக்கப்பட்டார். யூட்டாவும் உயர்குடியில் பிறந்தவரே. ஹில்டகார்டைவிட ஏறக்குறைய ஆறு வயதுதான் மூத்தவர்.

1112ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், யூட்டாவும் பதினான்கு வயது ஹில்டகார்டும் டிசிபோடன்பெர்க் என்னும் குன்றின்மீது இருந்த ஆண் துறவியர் மடத்திற்குச் சென்றனர். நாஹே, கிளான் என்னும் இரண்டு ஆறுகள் கூடும் இடம் அது. மடத்தையொட்டிய ஓர் உறைவிடத்துக்குள் அவர்கள் நுழைந்தபின் கதவு அடைக்கப்பட்டது. இவ்வாறு அடைபட்டு வாழ முன்வருவோர் உலகத்தைப் பொறுத்தவரை இறந்தவர்களாகவே கருதப்பட்டனர். உற்றார் உறவினர், திருமணம், பிள்ளைப்பேறு, ஊர்த்திருவிழா எல்லாம் கதவுக்கு வெளியே நின்றுவிட்டன.

உள்ளே இருந்தது என்ன? 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் இத்தாலியில் வகுத்த ஒழுங்குமுறைதான் அங்கே ஒவ்வொரு நாளையும் நடத்தியது. பகலில் ஏழு வேளை, இரவில் ஒரு வேளை எனத் துறவியர் கூடி வழிபட வேண்டும். விவிலியத்திலுள்ள 150 திருப்பாடல்களையும் ஒரு வாரத்திற்குள் பாடி முடிக்க வேண்டும். எஞ்சிய நேரம் உழைப்புக்கும் வாசிப்புக்கும் உரியது. இரவு வழிபாட்டுக்குப் பின் பேச்சே கிடையாது. ஒரு நாளைப் போலவே மறுநாளும், ஓராண்டைப் போலவே மறு ஆண்டும் கழியும். இப்படி 24 ஆண்டுகள் யூட்டாவின் நிழலில் ஹில்டகார்டு வாழ்ந்தார்.

அவர் பெற்ற கல்வியும் அந்த ஒழுங்குக்குள் அடங்கியதுதான். யூட்டா அவருக்குத் திருப்பாடல்களைக் கற்றுக்கொடுத்தார். பொருள் முழுதும் விளங்கும் முன்பே தேவாரத்தை மனனம் செய்யும் தமிழ்ப்பள்ளி மாணவனைப்போல், அவர் இலத்தீன் மொழியைப் பாடிப் பாடிக் காதால் பழகினார். ஆனால், அதே காலத்தில் பேராலயப் பள்ளிகளில் படித்த ஆண்பிள்ளைகளுக்கு இலக்கணம், அணியியல், தருக்கம் ஆகியவை முறையாகக் கற்பிக்கப்பட்டன. அக்கல்வி ஹில்டகார்டுக்குக் கிட்டவில்லை. இலத்தீனைப் படித்தால் அவருக்குப் புரியும். ஆனால், வேற்றுமை உருபுகளையும் வினையின் காலங்களையும் பிரித்துக் காட்டச் சொன்னால் தெரியாது. இதை அவரே தம் நூலின் முகவுரையில் ஒளிக்காமல் குறிப்பிடுகிறார்.

யூட்டா 1136ஆம் ஆண்டு காலமானார். கடும் தவத்தால் தம் உடலை வருத்தி வந்தவர் அவர். இறந்தவரின் உடலைக் கழுவியபோது, அவர் இரகசியமாக அணிந்திருந்த இரும்புச் சங்கிலி சதையில் தடம் பதித்திருந்ததை மாணவியர் கண்டனர். பிற்காலத்தில் ஹில்டகார்டு தம்மிடம் ஆலோசனை கேட்டவர்களிடம், உடலை வதைக்காதீர்கள், எதிலும் அளவு வேண்டும் என்று மீண்டும் மீண்டும் வலியுறுத்தினார். தம் ஆசிரியையின் உடலில் கண்ட அந்தத் தடங்கள் அந்த அறிவுரைக்குப் பின்னால் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதற்குள் அந்த உறைவிடம் ஒரு சிறு கன்னியர் மடமாகவே வளர்ந்திருந்தது. அங்கிருந்த பெண்கள் ஹில்டகார்டையே தங்கள் தலைவியாகத் தேர்ந்தெடுத்தனர்.

ஒளியும் எழுத்தும்

சிறு வயது முதலே ஹில்டகார்டு ஓர் ஒளியைக் கண்டு வந்தார். அது கனவில் தோன்றியதன்று. விழித்திருக்கும்போதே, புறக்கண்களும் காதுகளும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே, உள்ளத்தில் தோன்றிய காட்சி என்று அவர் விளக்குகிறார். மற்றவர்கள் அதைக் காண்பதில்லை என்று தெரிந்ததும் அஞ்சி மறைத்துவிட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்ல்ஸ் சிங்கர் என்னும் மருத்துவ வரலாற்றறிஞர், அக்காட்சிகளின் வருணனையை ஆராய்ந்து, அவருக்கு ஒற்றைத் தலைவலி நோய் இருந்திருக்கலாம் என்று கருதினார். அந்தக் கருத்து சரியாகவே இருக்கட்டும். ஒற்றைத் தலைவலியால் துன்பப்படுவோர் உலகில் எத்தனையோ பேர். அந்த வலியிலிருந்து இப்படி ஒரு நூலை எழுதியவர் ஒருவர்தான்.

1141ஆம் ஆண்டு, அவருக்கு 42 வயதாகி ஏழு மாதங்கள் ஆனபோது, அந்த ஒளி முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் அவரை ஆட்கொண்டது. வேதநூல்களின் பொருள் தமக்கு விளங்கிவிட்டதை உணர்ந்தார். கண்டதையும் கேட்டதையும் எழுது என்னும் கட்டளையும் பிறந்தது. அவர் எழுதவில்லை. தம்மால் முடியுமா என்ற ஐயமும், பிறர் என்ன சொல்வார்களோ என்ற அச்சமும் கையைக் கட்டிப்போட்டன. நோயில் விழுந்தார். பிறகு, வோல்மர் என்னும் துறவியிடம் மனம்விட்டுப் பேசினார். டிசிபோடன்பெர்க் மடத்தைச் சேர்ந்த வோல்மர், அவருக்கு ஆசானாகவும் ஆன்மிக வழிகாட்டியாகவும் இருந்தவர். எழுதுங்கள் என்றார் அவர். எழுதத் தொடங்கியதும் ஹில்டகார்டின் உடல்நிலை தேறியது.

அந்நூலை முடிக்கப் பத்தாண்டுகள் பிடித்தன. வழிகளை அறிந்துகொள் என்னும் பொருள்பட அமைந்த ஸ்கிவியாஸ் என்பது அதன் பெயர். மூன்று பகுதிகளில் 26 காட்சிகள் அதில் இடம்பெறுகின்றன. அந்நூலின் ஓவியப் பிரதி ஒன்றில் முதற்படமாக ஒரு காட்சி உண்டு. ஹில்டகார்டு அமர்ந்திருக்கிறார். மேலிருந்து இறங்கும் தீச்சுவாலைகள் அவர் தலையைத் தொடுகின்றன. கையில் மெழுகு பூசிய எழுதுபலகை இருக்கிறது. பக்கத்துச் சாளரம் வழியாக ஒரு துறவி தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்க்கிறார். அவர்தான் வோல்மர்.

அந்தப் படத்தை நான் பலமுறை உற்றுப் பார்த்திருக்கிறேன். வோல்மர் அறைக்குள் வரவில்லை. தலையை மட்டும்தான் நீட்டுகிறார். அவர் ஏற்றுக்கொண்ட பணியும் அப்படிப்பட்டதுதான். ஹில்டகார்டு தம் இலத்தீனில் எழுதியதை எடுத்து, வேற்றுமையையும் காலத்தையும் பாலையும் சரிசெய்வார். பொருளைக் கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். நடையை அலங்கரிக்கவும் மாட்டார். ஹில்டகார்டு அவருக்கு வகுத்த எல்லை அது. ஏறத்தாழ 30 ஆண்டுகள், 1173ஆம் ஆண்டு இறக்கும்வரை, அந்த எல்லையை அவர் மீறவில்லை.

இந்தச் செய்திதான் என்னை அசைத்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்த பிள்ளைகளுக்கு நான் சொல்லப்போவது புரியும். முதலாம் படிவத்தில் எனக்கு விடை தெரியும். ஆனால், மலாய்மொழியில் அந்த வாக்கியத்தை மனத்துக்குள் இரண்டு முறை ஓட்டிப் பார்த்து, முன்னொட்டும் பின்னொட்டும் சரியா என்று உறுதிசெய்துகொண்டு கையைத் தூக்குவதற்குள் வேறொருவர் சொல்லி முடித்திருப்பார். என்னோடு தமிழ்ப்பள்ளியில் முதல் மாணவியாக வந்த தோழி ஒருத்தி, அந்த ஆண்டு முழுவதும் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அவளுக்கு அறிவு குறைந்துபோகவில்லை. சொற்களைச் சரியாக அடுக்கத் தெரிந்த பிறகுதான் பேசலாம் என்று அவளுக்கு அவளே விதித்துக்கொண்ட தடைதான் அவளை அடக்கியது. ஹில்டகார்டும் அதே தடையோடு 42 ஆண்டுகள் இருந்தார். பின்பு, இலக்கணத்தை இன்னொருவரிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம், சொல்ல வேண்டியதை மட்டும் எவரிடமும் இரவல் வாங்க முடியாது என்று கண்டுகொண்டார்.

எழுதினால் மட்டும் போதாது. ஒரு பெண்ணின் காட்சிகளை ஏற்பதற்குத் திருச்சபையின் ஒப்புதலும் தேவைப்பட்டது. அக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றிருந்த துறவி பெர்னார்டுக்கு ஹில்டகார்டு கடிதம் எழுதினார். 1147ஆம் ஆண்டு இறுதியில், பெர்னார்டின் மாணவராக இருந்து திருத்தந்தை பதவிக்கு உயர்ந்த மூன்றாம் யூஜீனியஸ், ஜெர்மனியின் டிரியர் நகரில் ஆயர்கள் கூட்டத்தை நடத்த வந்தார். ஹில்டகார்டின் எழுத்தில் முடிந்திருந்த பகுதி அங்கே கொண்டுவரப்பட்டதாகவும், திருத்தந்தையே அதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டியதாகவும் அவருடைய பழைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அதன்பின் அவர் பெயர் ரைன்கரையைத் தாண்டிப் பரவியது.

குன்றைவிட்டு இறங்கிய பெண்கள்

புகழ் வந்ததும் டிசிபோடன்பெர்க் மடத்திற்கு வருகையாளரும் காணிக்கைகளும் பெருகின. அந்த நேரத்தில்தான் ஹில்டகார்டு, தம் பெண்களை அழைத்துக்கொண்டு வேறிடம் செல்லப்போவதாக அறிவித்தார். நாஹே ஆறு ரைன் நதியில் கலக்கும் இடத்தில், பிங்கனுக்கு எதிரே, ருபெர்ட்ஸ்பெர்க் என்னும் மேட்டில் புதிய மடம் கட்ட வேண்டும் என்றார். மடத்தலைவர் குனோ மறுத்தார். ஹில்டகார்டு படுக்கையில் விழுந்தார். கல்லைப்போல் அசையாமல் கிடந்த அவர் தலையைக் குனோவே தூக்கிப் பார்த்தும் முடியவில்லை என்றும், அதன்பின்தான் அவர் இணங்கினார் என்றும் கதை போகிறது. அதோடு, உயர்குடிப் பெண்மணி ஒருவர் மைன்ஸ் நகரப் பேராயரிடம் ஹில்டகார்டுக்காகப் பரிந்து பேசினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இறையருளை நம்பிய ஹில்டகார்டு, தக்க இடத்தில் தக்கவரைக் கொண்டு பேசவைக்கவும் அறிந்திருந்தார்.

1150ஆம் ஆண்டு வாக்கில், ஏறத்தாழ இருபது பெண்கள் அவரோடு புறப்பட்டனர். வசதியான மடத்தைவிட்டு வந்தவர்களுக்குப் புதிய இடத்தில் வறுமையும் கடும் உழைப்புமே காத்திருந்தன. சிலர் முணுமுணுத்தனர், சிலர் விலகிப் போயினர். பெண்கள் மடத்தில் சேர்ந்தபோது கொண்டுவந்த நிலங்கள் எவருக்குச் சேரும் என்னும் வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. 1158ஆம் ஆண்டு பேராயரின் ஆவணங்கள் அதற்கு ஒரு முடிவு கண்டன. கால்நூற்றாண்டுக்குப் பின் அங்கு வந்த கிபெர்ட் என்னும் துறவி, எல்லாப் பணியறைகளுக்கும் குழாய்வழி நீர் வந்த நேர்த்தியான மடமாக அதைக் கண்டு வியந்து எழுதினார்.

குடிபெயர்ந்த ஓராண்டுக்குள் ஹில்டகார்டுக்குப் பேரிழப்பு ஒன்று நேர்ந்தது. ரிக்கார்டிஸ் என்னும் இளந்துறவி, நூல் எழுதும் பணியில் அவருக்கு உற்ற துணையாக இருந்தவர், மகளைப்போல் நேசிக்கப்பட்டவர். மைன்ஸ் பேராயரிடம் பரிந்து பேசிய பெண்மணியின் மகள்தான் இவர். 1151ஆம் ஆண்டு, வடக்கே வேறொரு மடத்தின் தலைவியாக ரிக்கார்டிஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஹில்டகார்டு அவரை விட மறுத்தார். தாய்க்கு எழுதினார், பேராயராக இருந்த அண்ணனுக்கு எழுதினார், திருத்தந்தைக்கே எழுதினார். எதுவும் பலிக்கவில்லை. மறு ஆண்டு அக்டோபரில் ரிக்கார்டிஸ் இறந்துவிட்டார். அவர் தம் பழைய மடத்திற்குத் திரும்பிவர ஏங்கிக் கண்ணீர் விட்டார் என்னும் செய்தியை அண்ணனே எழுதித் தெரிவித்தார். இறைவன்மீது மட்டும் வைக்க வேண்டிய பற்றை ஒரு மனிதப் பிறவியின்மீது வைத்துவிட்டதை ஹில்டகார்டு தம் கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். துறவியின் நெஞ்சும் நெஞ்சுதானே.

பாட்டும் பசுமையும்

இத்தனை போராட்டங்களுக்கு நடுவில் அவர் படைத்தவற்றைப் பட்டியலிட்டால் வியப்பே மிஞ்சும். தம் மடத்துப் பெண்கள் பாடுவதற்காக எழுபதுக்கும் மேற்பட்ட வழிபாட்டுப் பாடல்களை இயற்றி மெட்டும் அமைத்தார். அக்கால வழிபாட்டு இசையில் வழக்கமாக இருந்ததைவிட மிக உயரத்திற்கு ஏறி, மிக ஆழத்திற்கு இறங்கும் மெட்டுகள் அவை. நற்குணங்களும் அலகையும் ஓர் ஆன்மாவுக்காகப் போராடும் இசை நாடகம் ஒன்றும் அவருடையது. அதில் வரும் எல்லாப் பாத்திரங்களும் பாடும்; அலகை மட்டும் பாடாது, கத்திப் பேசும். இசையில்லாமை எதுவோ அதுவே தீமை என்பது அவர் கருத்து.

மொழி பயில்வோருக்கு மேலும் ஒரு வியப்பு உண்டு. ஹில்டகார்டு தாமே ஒரு மொழிக்கான சொற்பட்டியலை உருவாக்கினார். அதில் ஏறத்தாழ ஆயிரம் சொற்கள் உள்ளன. பெரும்பாலும் பெயர்ச்சொற்களே. கடவுள், வானதூதர் என்று தொடங்கி, மனிதர், உறுப்புகள், தொழில்கள், மரஞ்செடிகள், பறவைகள் என்று இறங்கி, பூச்சிகளில் போய் முடிகிறது அப்பட்டியல். 23 எழுத்துகளையும் புதிதாக வகுத்தார். ஒரு பாடலில் அம்மொழிச் சொற்கள் சிலவற்றைக் கோத்தும் இருக்கிறார். எதற்காக இதைச் செய்தார் என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. மற்றவர்களின் இலக்கணத்தால் அளக்கப்பட்டே வந்த ஒருவர், எவரும் பிழை கண்டுபிடிக்க முடியாத மொழி ஒன்றை ஆக்கிக்கொண்டார் என்பது எனக்குப் பிடித்த விளக்கம்.

அவர் பெயரில் வழங்கும் இயற்கை நூல் ஒன்பது பகுதிகளைக் கொண்டது. செடிகொடிகள், மரங்கள், கற்கள், மீன்கள், பறவைகள், விலங்குகள், உலோகங்கள் முதலியவற்றின் தன்மையையும் மருந்தாகும் விதத்தையும் அது கூறுகிறது. நூல் இலத்தீனில் இருந்தாலும், செடிகளுக்கும் மீன்களுக்கும் மக்கள் வழங்கிய ஜெர்மானியப் பெயர்களையே பல இடங்களில் அப்படியே கொடுத்திருக்கிறார். அவருடைய சிந்தனையின் மையச் சொல் பசுமை என்பது. புல்லைத் தளிர்க்கவைக்கும் ஆற்றலும் மனத்தை நலமாக வைத்திருக்கும் ஆற்றலும் இறைவனிடமிருந்து பாயும் ஒரே பசுமை என்று அவர் கண்டார். பாவம் என்பது அவருக்கு வறட்சி.

அடைபட்ட கதவு

போற்றத்தக்கதை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது. ருபெர்ட்ஸ்பெர்க் மடத்தில் உயர்குடிப் பெண்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. திருநாள்களில் அவர்கள் கூந்தலை விரித்து, வெண்பட்டு முக்காடிட்டு, பொன்முடி அணிந்து வழிபட்டனர். அந்தெர்னாக் நகரிலிருந்த மற்றொரு பெண் துறவியர் இல்லத்தின் தலைவி தெங்ஸ்விச், இதைப் பணிவான சொற்களில் கூர்மையாகக் கேட்டு எழுதினார். இயேசு தம் சீடர்களாக மீனவர்களையும் எளியவர்களையும் அல்லவா தேர்ந்தெடுத்தார். நீங்கள் ஏன் எளிய குடிப் பெண்களைச் சேர்ப்பதில்லை என்பது அவருடைய கேள்வி. ஹில்டகார்டு தம் வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மாட்டையும் கழுதையையும் ஆட்டையும் எவரும் ஒரே கொட்டிலில் அடைப்பதில்லை என்னும் பொருளில் விடை எழுதினார். கடவுளே படிநிலைகளை வகுத்திருக்கிறார் என்றார்.

இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்குச் சினம் வந்தது. என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். லயத்து வீட்டில் வாழ்ந்தவர். அந்த மடத்தின் கதவு அவருக்குத் திறந்திருக்காது. பிறப்பை வைத்து மனிதரைக் கொட்டில் கொட்டிலாகப் பிரிக்கும் அந்த வாதம் நம் சமூகத்திற்கும் புதிதன்று. காலத்தின் மனநிலை அப்படி என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஏனெனில், தெங்ஸ்விச்சும் அதே காலத்துப் பெண்தான். தம்மைப் படிக்காதவர் என்று ஒதுக்கிய உலகத்தை வென்ற ஒருவர், வேறொரு சுவரைத் தாமே காவல் காத்தார். ஒருவரை வியப்பதற்கு அவர் குற்றமற்றவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால், வியப்பதற்காக அவர் குற்றத்தை மறைக்கவும் கூடாது.

சாலைகளில் ஒரு முதியவர்

அறுபது வயதில் பலரும் ஓய்வை நாடுவர். ஹில்டகார்டு அப்போதுதான் பயணம் புறப்பட்டார். 1158ஆம் ஆண்டு தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, நான்கு பெரும் பயணங்களில் ஜெர்மனியின் மடங்களுக்கும் நகரங்களுக்கும் சென்று உரையாற்றினார். டிரியரிலும் கொலோனிலும் குருமார்களின் முன் நின்று, அவர்களின் சோம்பலையும் பொருளாசையையும் கண்டித்தார். பெண்கள் திருச்சபையில் பேசக் கூடாது என்றிருந்த காலத்தில் இது நடந்தது. கேட்டவர்கள் சினம்கொண்டு விரட்டவில்லை. பேசியதை எழுத்து வடிவில் அனுப்பித் தருமாறு பின்னர் கேட்டு எழுதினர்.

அவர் எழுதிய கடிதங்களில் ஏறத்தாழ 400 எஞ்சியுள்ளன. திருத்தந்தையர், மன்னர்கள், மடத்தலைவர்கள், பெயர் தெரியாத சாதாரண மனிதர்கள் எனப் பலருக்கும் எழுதினார். பேரரசர் பிரடெரிக் பார்பரோசா 1163ஆம் ஆண்டு ருபெர்ட்ஸ்பெர்க் மடத்திற்குப் பாதுகாப்பு ஆணை வழங்கியவர். ஆயினும், திருத்தந்தைக்கு எதிராக அவர் போட்டித் திருத்தந்தையரை ஆதரித்தபோது, ஹில்டகார்டு அவரைக் கடுமையாக எச்சரித்து எழுதத் தயங்கவில்லை. 1165ஆம் ஆண்டு, ரைன் நதிக்கு அக்கரையில் ஐபிங்கன் என்னும் ஊரில் இரண்டாவது மடம் ஒன்றையும் ஏற்படுத்தினார்.

பாட்டுக்குத் தடை

வாழ்வின் கடைசிச் சோதனை, எண்பது வயதில் வந்தது. 1178ஆம் ஆண்டு உயர்குடி மனிதர் ஒருவர் ருபெர்ட்ஸ்பெர்க் மடத்து இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் ஒருகாலத்தில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர். ஆனால், இறப்பதற்கு முன் பாவமன்னிப்புப் பெற்று, இறுதிச் சடங்குகளையும் பெற்றிருந்தார். மைன்ஸ் நகரத் திருச்சபை அதிகாரிகள் இதை ஏற்கவில்லை. பேராயர் அப்போது இத்தாலியில் இருந்தார். உடலைத் தோண்டி வெளியே போடுங்கள். இல்லையேல் மடத்தில் வழிபாட்டுக்குத் தடை என்று அவர்கள் ஆணையிட்டனர்.

ஹில்டகார்டு தோண்டவில்லை. தம் கோலால் கல்லறையை ஆசீர்வதித்து, எவரும் அடையாளம் கண்டு தோண்டிவிடாதபடி அதன் தடயத்தை அழித்துவிட்டார் என்பர். தடை வந்தது. மடத்தில் நற்கருணை நிறுத்தப்பட்டது. பாடவும் கூடாது, கதவை அடைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் வாசிக்க மட்டும் செய்யலாம். பதினான்கு வயது முதல் ஒவ்வொரு நாளும் பலமுறை பாடி வந்த ஒருவருக்கு, வாழ்நாளின் கடைசி ஆண்டில் பாட்டுப் பறிக்கப்பட்டது.

அவர் அந்தத் தடையை மீறவில்லை, கீழ்ப்படிந்தார். ஆனால், வாயை மூடிக்கொண்டு இருக்கவுமில்லை. மைன்ஸ் அதிகாரிகளுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். முதல் மனிதனாகிய ஆதாம் பாவத்துக்கு முன் வானதூதர்களோடு சேர்ந்து பாடும் குரலைப் பெற்றிருந்தான். இழந்த அக்குரலை நினைவூட்டவே இறைவாக்கினர் இசையையும் இசைக்கருவிகளையும் உண்டாக்கினர். மனிதர் பாடுவதைக் கேட்கப் பொறுக்காதது அலகைதான் என்று விளக்கினார். தக்க காரணமின்றி இறைவனின் புகழ்ப்பாடலை நிறுத்துவோர், விண்ணுலகில் அப்பாடலில் பங்கு பெறமாட்டார்கள் என்றும் எச்சரித்தார். இசையைப்பற்றி இடைக்காலத்தில் எழுதப்பட்ட ஆழமான எழுத்துகளில் ஒன்றாக அக்கடிதம் இன்று மதிக்கப்படுகிறது. தடை விதிக்கப்பட்ட வாயிலிருந்து பிறந்த எழுத்து அது.

இறந்தவர் மன்னிப்புப் பெற்றவர்தான் என்பதற்குச் சாட்சிகள் கிடைத்தன. கொலோன் பேராயர் துணை நின்றார். 1179ஆம் ஆண்டு மார்ச் மாதம், இத்தாலியிலிருந்த மைன்ஸ் பேராயர் தடையை நீக்கினார். மடத்தில் மீண்டும் பாட்டு ஒலித்தது. ஆறு மாதங்களுக்குப் பின், அதே ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் ஹில்டகார்டு கண்மூடினார்.

எஞ்சியவை

ருபெர்ட்ஸ்பெர்க் மடம் 1632ஆம் ஆண்டு, முப்பதாண்டுப் போரின்போது அழிக்கப்பட்டது. டிசிபோடன்பெர்க் குன்றில் இடிந்த சுவர்கள் மட்டுமே நிற்கின்றன. வோல்மர் சாளரம் வழியே எட்டிப் பார்க்கும் அந்த ஓவியப் பிரதி, இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945ஆம் ஆண்டு காணாமற்போனது. நல்வாய்ப்பாக, ஐபிங்கன் மடத்துத் துறவியர் 1927ஆம் ஆண்டு முதல் 1933ஆம் ஆண்டுவரை உழைத்து, அதைக் கையாலேயே படியெடுத்து வைத்திருந்தனர். நாம் இன்று காணும் வண்ணப்படங்கள் அவர்கள் கைவண்ணமே. 2012ஆம் ஆண்டு, திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், ஹில்டகார்டைப் புனிதராக முறைப்படி ஏற்று, அதே ஆண்டு அக்டோபரில் திருச்சபையின் மறைவல்லுநர் என்னும் உயர்நிலையையும் வழங்கினார். அந்நிலையைப் பெற்ற நான்காவது பெண் அவர். முறையான இலக்கணக் கல்வி பெறாத பெண்ணுக்கு, இறந்து 833 ஆண்டுகளுக்குப் பின் வந்த சான்றிதழ்.

அவர் வாழ்க்கையில் நம்மைப்போன்ற மொழிக் கழகத்தார் கவனிக்க வேண்டியது, ஹில்டகார்டின் துணிவு மட்டுமன்று, வோல்மரின் அடக்கமுமாகும். வோல்மர் இறந்தபின் உதவிக்கு வந்த கிபெர்ட், நடையை மெருகேற்ற அனுமதி கேட்டார். முதுமையில் ஹில்டகார்டு ஓரளவு இடமும் கொடுத்தார். ஆனால், அவர் குரலை நாம் அடையாளம் காண்பது வோல்மர் தொட்டும் தொடாமலும் விட்ட பக்கங்களில்தான்.

நம் நிகழ்ச்சிகளில் தேசியப்பள்ளியில் மட்டுமே படித்து, ஆவலோடு தமிழ் பேச வரும் மாணவர்கள் உண்டு. லகர ளகரம் தடுமாறும். ஒருமை பன்மை மயங்கும். முதல் வரியிலேயே சிரிப்பொலி எழுந்தால், இரண்டாம் வரியை அவர்கள் சொல்வதேயில்லை. அடுத்த ஆண்டு வருவதுமில்லை. அவர்கள் சொல்ல வந்தது என்னவென்று நமக்குக் கடைசிவரை தெரியாமலே போகிறது. பிழையைத் திருத்துவது மொழிக் கழகத்தின் கடமை. அதை நான் மறுக்கவில்லை. வோல்மரும் பிழை திருத்தியவர்தான். ஆனால், அவர் முதலில் எழுதுங்கள் என்று சொன்னார். திருத்தம் அதன் பின்னர்தான் வந்தது.